பிக்கப் வண்டியும் எரிபொருட் கணக்கும்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குவோன் இருவகைச் செலவுகளை மேற்கொள்ளுகிறான். ஒன்று அப்பொருளின் விலை. அது ஒருமுறை கொடுத்துத் தீர்வது. மற்றொன்று அப்பொருளைக் கையாளுதற்கு ஆகும் செலவு. அது பொருள் தன்னிடம் உள்ளளவும் தொடர்ந்து வருவது. மோட்டார் வண்டியைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது செலவின் பெரும்பகுதி எரிபொருளே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் புதிய பிக்கப் வண்டி வாங்குவோர் பலர், வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய சீட்டிற் கண்ட மைல் கணக்குத் தம் அனுபவத்தில் வரவில்லையென்று மனங்கசந்து கூறுவது நெடுநாளைய வழக்கம். அவர்களுடைய குறை நியாயமானதா, சீட்டுப் பொய் கூறுகின்றதா, அன்றி அது கூறுவதை அவர்கள் வேறாகப் பொருள்கொள்ளுகின்றார்களா என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

பிக்கப் என்பது முன்புறத்தில் ஓட்டுவோர் அறையும், பின்புறத்தில் மேல்மூடியில்லாத சரக்குத் தட்டும் உடைய இலகுவான லாரியாகும். 1925-ஆம் ஆண்டில் போர்டு நிறுவனம் தன் 'மாடல் டி' வண்டியை இவ்வமைப்பில் தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் அது குடியானவனுடைய வேலைக்காரன். இக்காலத்திலோ அதுவே பல குடும்பங்களுக்குப் பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் செல்லும் வாகனமுமாயிற்று. தொழிலுக்கென அமைந்த உடலை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவதனாலேயே எரிபொருட் குறை பெரிதும் எழுகின்றது என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் நலம்.

சீட்டின் வரலாறு

1973-ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது அமெரிக்காவில் பெட்ரோலுக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. அதன் பயனாக 1975-இல் இயற்றப்பட்ட எரிசக்திச் சட்டம், புதிய வண்டிகள் ஒரு கேலனுக்கு எத்தனை மைல் ஓடும் என்பதை வாங்குவோர் காணும்படி சீட்டில் எழுதி ஒட்டவேண்டுமென்று விதித்தது. அமெரிக்கக் கேலன் ஒன்று ஏறக்குறைய 3.785 லிட்டர் கொண்டது. ஆதலின் கேலனுக்கு 20 மைல் என்பது லிட்டருக்குச் சற்றேறக்குறைய எட்டரைக் கிலோமீட்டர் என்று நம் வாசகர்கள் கொள்ளலாம்.

தொடக்கத்தில் சோதனைச்சாலையில் கிடைத்த எண்களே சீட்டில் இடம்பெற்றன. சாலையில் அவை வரவில்லையென்று மக்கள் முறையிட்டனர். அம்முறையீடு செவிசாய்க்கப்பட்டது. 1985-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதற்கொண்டு நகர் எண்ணிலிருந்து நூற்றுக்குப் 10 பங்கும், நெடுஞ்சாலை எண்ணிலிருந்து நூற்றுக்கு 22 பங்கும் குறைத்தெழுதும் முறை வந்தது. அதுவும் போதாதென்று கண்டு, 2008-ஆம் ஆண்டு மாதிரி முதல் வேறொரு முறையைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புகுத்திற்று. ஆகவே வாங்குவோர் குறைகூறுதல் வீண் முணுமுணுப்பன்று. அது இருமுறை அளவையையே திருத்தியிருக்கின்றது.

சோதனை நடைபெறும் விதம்

வண்டியைச் சாலையில் ஓட்டியன்று, உருளைகளின்மேல் நிறுத்தியே இச்சோதனையைச் செய்கின்றனர். சக்கரங்கள் சுழல, உருளைகள் தக்க தடையைக் கொடுக்கும். காற்றின் தடையும் டயரின் தடையும் எவ்வளவென்று அறிவதற்கு, முன்னதாக வண்டியை வெளியே விரைவாக ஓட்டி, பின் நியூட்ரலில் விட்டு, அது தானே வேகங்குறையும் அளவைக் கணக்கிடுகின்றனர். இக்கணக்குத் தவறினால் மற்றனைத்தும் தவறும். 2012-இல் ஹூண்டாய், கியா ஆகிய நிறுவனங்களின் பல கார்களுக்குச் சீட்டெண் மிகுத்துக் காட்டப்பட்டதாகக் கண்டறியப்பட்டதும், 2014-இல் அவை 10 கோடி டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டதும் இவ்வகைக் கணக்கினாலேயாம். எனவே சீட்டு ஒருபோதும் பிழைபடாது என்று நாம் கூறோம். ஆனால் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் வேறிடத்தில் உள்ளது.

நகர்ச் சோதனை ஏறக்குறைய 11 மைல் தூரமுடையது. அதன் சராசரி வேகம் மணிக்கு 21 மைல். நெடுஞ்சாலைச் சோதனை ஏறக்குறைய 10 மைல். அதன் சராசரி வேகம் 48 மைல், உச்ச வேகம் 60 மைல். 2008 முறையில் இவற்றோடு மூன்று சோதனைகள் சேர்ந்தன. ஒன்று 80 மைல் வரை விரைந்தோட்டுவது; மற்றொன்று 95 பாகை பாரன்ஹீட் வெப்பத்தில் குளிர்சாதனத்தை இயக்கி ஓட்டுவது; பிறிதொன்று 20 பாகைக் குளிரில் ஓட்டுவது. எனினும் ஒவ்வொரு வண்டியையும் ஐந்துக்கும் உட்படுத்துவதில்லை. பழைய இரண்டு சோதனைகளின் எண்களிலிருந்து வாய்பாட்டின் வழியே மற்றவற்றைக் கணித்துக்கொள்ளவும் விதி இடந்தருகின்றது. கூட்டெண் என்பது நகருக்கு 55 பங்கும் நெடுஞ்சாலைக்கு 45 பங்கும் வைத்துக் கணித்தது.

இதனால் விளங்குவது யாதெனில், சீட்டெண் ஒரு வாக்குறுதியன்று. எல்லா வண்டிகளையும் ஒரே கோலால் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அமைந்த எண்ணே அது. இன்னுமொன்று: 8,500 ராத்தலுக்கு மேற்பட்ட மொத்த எடைக்கென அமைந்த பெரிய பிக்கப்களுக்கு இச்சீட்டே இல்லை. அவற்றை வாங்குவோர் ஒப்பிடுதற்கும் கோலின்றியே வாங்குகின்றனர்.

எரிபொருள் செல்லும் வழிகள்

முதலாவது, காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது. வேகம் 60 மைலிலிருந்து 75 மைலாகும்போது, அஃதாவது நாலிலொரு பங்கு மிகும்போது, தடை ஒன்றரை மடங்குக்கு மேலாகின்றது; அத்தடையை வெல்ல இயந்திரம் காட்டவேண்டிய திறன் ஏறக்குறைய இரு மடங்காகின்றது. தாழ்ந்து வழுவழுப்பாக அமைந்த காரைவிடப் பிக்கப்பின் முகம் அகன்றும் உயர்ந்தும் நிற்பதால், இவ்விதி அதனை மிகவும் வருத்தும். பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று எளிதிற் கடந்துபோகும் என்று பலர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. கதவு மூடியிருக்கையில் தட்டினுள் ஒரு காற்றுச்சுழல் நிலைபெற்று, மேலே செல்லும் காற்றை வழுக்கிச் செல்லவிடுகின்றது. கதவைத் திறந்தால் அச்சுழல் கலைந்து, தடை பெரும்பாலும் மிகவே செய்யும்.

இரண்டாவது, குளிரும் குறும்பயணமும். குளிர்ந்த இயந்திரத்தில் எண்ணெய் தடித்திருக்கும், எரிதலும் செம்மையுறாது. 77 பாகையில் ஓடுவதைவிட 20 பாகையில் நகரில் ஓடும் கார் நூற்றுக்கு 15 பங்கு குறைந்த மைல் தரும் என்றும், மூன்று நான்கு மைல் அளவான குறும்பயணங்களில் அக்குறைவு 24 பங்கு வரை செல்லும் என்றும் அமெரிக்க அரசாங்கத்தின் குறிப்புகள் கூறுகின்றன. குளிர்காலக் காலையில் வண்டியை நிறுத்திய நிலையிலேயே இயக்கிச் சூடாக்குவோர், ஒரு மைலும் நகராமல் எரிபொருளைச் செலவிடுகின்றனர். இவ்வாறு நின்றபடி ஓடும் இயந்திரம் மணிக்குக் கால் கேலன் முதல் அரைக் கேலன் வரை குடிக்கும்.

மூன்றாவது, வாங்குவோர் தாமே சேர்த்துக்கொள்ளும் உறுப்புகள். பாரம் இழுப்பதற்கென உயர்ந்த அச்சுப் பற்சக்கர விகிதத்தைத் தேர்ந்துகொண்டால், அதே வேகத்தில் இயந்திரம் மிகுதியாகச் சுழலவேண்டும். கரடுமுரடான பெரிய டயர்களும், வண்டியை உயர்த்தும் கருவிகளும் உருளும் தடையையும் காற்றுத் தடையையும் ஒருங்கே பெருக்கும். ஒரே சீட்டெண் பல உறுப்பு வேறுபாடுகளுக்குப் பொதுவாக நிற்பதுமுண்டு. டிரெய்லர் இழுக்கும்போது கணக்குப் பாதியளவுக்கு இறங்கினாலும் வியப்பதற்கில்லை.

நான்காவது, சிறிய இயந்திரத்தின் இயல்பு. எடையைக் குறைக்க 2015-ஆம் ஆண்டு மாதிரியில் போர்டு நிறுவனம் தன் எப்-150 வண்டியின் உடலை அலுமினியக் கலவையாற் செய்தது. எடை 700 ராத்தல் வரை குறைந்தது. இயந்திரத்தைச் சிறிதாக்கி, டர்போ என்னும் காற்றழுத்தியைப் பூட்டும் வழக்கமும் இக்காலத்திற் பெருகிற்று. மெல்ல ஓட்டினால் இவ்வியந்திரம் சிறியதன் சிக்கனத்தைக் காட்டும். முடுக்கினால் பெரியதன் பசியைக் காட்டும். சோதனையின் மெல்லிய நடையில் முதற்குணம் தோன்றுகின்றது. மலையேற்றத்திலும் விரைவிலும் இரண்டாவது குணம் வெளிப்படுகின்றது. கடுமையாக முடுக்கி அடிக்கடி பிரேக் அழுத்துவதனால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடும், நின்று நின்று செல்லும் நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடும் மைல் குறையக்கூடும்.

ஐந்தாவது, எரிபொருளின் தரம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றிலொரு பங்கு ஆற்றல் குறைவு. நூற்றுக்குப் 10 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல், கலவாததைவிட ஏறக்குறைய 3 விழுக்காடு குறைந்த மைல் தரும். எத்தனால் மிகுந்த 'இ-85' என்னும் எரிபொருளை அதற்குரிய வண்டியில் இட்டால் குறைவு 15 முதல் 27 விழுக்காடாகும். விலை மலிவென்று அதனை நிரப்புவோர் இவ்வேறுபாட்டையும் கணக்கில் வைத்தல் வேண்டும்.

இவையன்றி, புதிய இயந்திரம் 3,000 முதல் 5,000 மைல் வரை ஓடிப் பழகிய பின்னரே தன் முழுச் சிக்கனத்தையும் காட்டும். முதல் வாரத்திலேயே தீர்ப்புக் கூறுதல் அவசரமாகும்.

அளக்கும் முறை

ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முதுமொழி. குறைகூறுமுன் அளத்தல் வேண்டும். வண்டியின் முகப்பிலுள்ள கணிப்பான் காட்டும் எண்ணை மட்டும் நம்புதல் போதாது. தொட்டியை நிரப்பி, ஓடோமீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்தமுறை கூடுமானவரை அதே பம்பில் அதே அளவுக்கு நிரப்பி, ஓடிய மைலை ஊற்றிய கேலனால் வகுக்கவேண்டும். ஒரு தொட்டியைக் கொண்டு முடிவு செய்யாமல் பல தொட்டிகளைக் கொள்ளுதல் வேண்டும்.

இங்கு மாணவர்கள் கவனிக்கத்தக்க இரு நுட்பங்கள் உள. ஒரு வண்டி முதலில் 15 கேலனில் 300 மைலும், பின்னர் 20 கேலனில் 300 மைலும் ஓடிற்றெனக் கொள்வோம். முதலது கேலனுக்கு 20, இரண்டாவது 15. இவற்றின் சராசரி பதினேழரை என்பது பிழை. மொத்த மைல் 600-ஐ மொத்தக் கேலன் 35-ஆல் வகுக்க, 17.1 என்பதே விடை. இனி, 32 அங்குல டயரை நீக்கி 34 அங்குல டயரை மாட்டியவன் வண்டி, ஓடோமீட்டரைத் திருத்தாவிடில், உண்மையில் 319 மைல் ஓடியும் 300 என்றே காட்டும். அவன் கண்ட குறைவில் ஒரு பகுதி எரிபொருளால் வந்ததன்று, எண்ணிக்கையால் வந்ததே.

மைலோ, கேலனோ?

சீட்டு ஆண்டுச் செலவைக் கணிப்பது 15,000 மைல் ஓட்டத்துக்கு. 22 மைல் என்று நம்பி வாங்கிய வண்டி 17 மைலே தருமாயின், அவ்வளவு தூரத்துக்கு 682 கேலன் ஆகவேண்டிய இடத்தில் 882 கேலன் ஆகும். ஆண்டொன்றுக்கு 200 கேலன், அஃதாவது 757 லிட்டர், வரவுசெலவுக் கணக்கில் எழுதப்படாத கடனாக வந்து நிற்கின்றது. கூலி வேலைக்கு வண்டியை நம்பியிருக்கும் தச்சனுக்கும் தோட்டக்காரனுக்கும் இது சிறு தொகையன்று.

கேலனுக்கு மைல் என்னும் அளவை தானே கண்ணை மயக்குவது. 10,000 மைலுக்கு, 15-லிருந்து 18-க்கு உயர்வதனால் 111 கேலன் மிச்சமாகும். 30-லிருந்து 40-க்கு உயர்வதனால் 83 கேலனே மிச்சமாகும். மூன்று என்னும் சிற்றெண் பத்து என்னும் பேரெண்ணை வென்றுவிடுகின்றது. ஆதலால் மிகுதியாகக் குடிக்கும் வண்டிகளில் ஓரிரு மைல் வேறுபாடும் பெரும்பொருளுடையது. இதனைக் கருதியே 2013-ஆம் ஆண்டு மாதிரி முதல் அச்சீட்டில், 100 மைலுக்கு எத்தனை கேலன் என்னும் எண்ணும் சேர்க்கப்பட்டது. வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியது இவ்வெண்ணையே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சீட்டு ஒப்பிடுதற்குரிய கோல் என்பதும், அது நம் சாலையையும் நம் பருவத்தையும் நம் பாதத்தின் அழுத்தத்தையும் அறியாது என்பதும் விளங்கும். உண்மையான அளவெடுத்து, டயரின் காற்றையும் வேகத்தையும் சீர்செய்து பார்த்து, அதன் பின்னும் பெருங்குறை காண்போன் முறையிடுதல் அவன் உரிமை. அவ்வாறு எழுந்த முறையீடுகளே முன்னர் அளவையைத் திருத்தின. வாங்கப்போவோனுக்கோ வேறொரு கேள்வி உண்டு. ஆண்டில் எத்தனை நாள் நாம் பாரம் ஏற்றுவோம், எத்தனை நாள் நம்மை மட்டும் ஏற்றிச் செல்வோம் என்பதே அது. சில நாள் வேலைக்காக யானையைக் கட்டித் தீனிபோடுவோன், மற்றை நாட்களில் அது உண்கின்றதென்று யானையை நோவதிற் பயனில்லை. வேலையை முதலில் அளந்து, அதற்கேற்ற வண்டியைப் பின்னர்த் தேர்வோனுக்குச் சீட்டினால் ஏமாற்றம் நேர்வது அரிது.