பேடையா, சேவலா?

மைசூருவில் சிலர் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கின்றனர். முட்டையிடும் என்று நம்பி வளர்த்த கோழி, ஒருநாள் விடியலில் கழுத்தை நீட்டிக் கூவுகிறது. அது பேடையன்று, சேவல்!

இம்மயக்கம் ஏன்? பெங்களூரு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி உருவாக்கிய கிரிராஜா போன்ற கொல்லைப்புறக் கோழிகளின் குஞ்சுகள், பெரும்பாலும் ஆண், பெண் பிரிக்கப்படாமலே விற்கப்படுகின்றன. சிறு குஞ்சுகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஏறத்தாழ 2 மாதங்களில் சேவலின் கொண்டை பெருத்துச் சிவக்கும். பின்னர்க் கழுத்திலும் முதுகின் பின்புறத்திலும் கூர்நுனி இறகுகள் வளரும். பேடையின் இறகுநுனியோ வட்டமானது. 4 அல்லது 5 மாதங்களில் சேவல் கூவத் தொடங்கும்.

தொல்காப்பிய மரபியல் பறவைக் குஞ்சைப் 'பார்ப்பு', 'பிள்ளை' என்கிறது. இப்பெயர்கள் ஆண், பெண் வேறுபாடு காட்டா. வளர்ந்தபின் ஆண் 'சேவல்', பெண் 'பேடை'. கோழிப்பேடைக்கு 'அளகு' என்ற பெயரும் உண்டு. கன்னடத்தில் சேவல் 'ஹுஞ்ச' எனப்படும்.

முட்டையிடாத சேவலைப் பலர் இறைச்சிக்கு விற்றுவிடுவர். தம் கையால் தீனியிட்டு வளர்த்த குழந்தைகள் அப்போது மனம் வருந்துவர். ஆதலால், "சேவலானாலும் வளர்ப்போமா?" என்று குஞ்சு வாங்கும்போதே வீட்டார் கூடி முடிவு செய்தல் நன்று.

பயிற்சி: சேவலை அறிய உதவும் 3 அடையாளங்களை எழுதுக.