மகாலில் படித்த பாடம்

விருதுநகரில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மதுரை. மீனாட்சியம்மன் கோயில், தெப்பக்குளம், காந்தி மியூசியம் எல்லாம் நாம் பார்த்ததுதான். ஆனால் சிவில் மாணவன் நின்று பார்க்க வேண்டியது, 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால். இன்று மிஞ்சியிருப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான்.

அங்குள்ள சொர்க்க விலாசத்தைத் தாங்க இரும்பு உத்தரம் கிடையாது. செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும்தான். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. வளைவில் வருவது பெரும்பாலும் அமுக்கமே. பாரம் வளைவு வழியாக இறங்கித் தூணுக்குப் போகிறது. வளைவு பக்கவாட்டிலும் தள்ளும். அதனால்தான் தூண்கள் அவ்வளவு பருமன்.

போன லீவில் அப்பாவை அழைத்துப் போனேன். அவர் கொத்தனார், கைநாட்டு. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் கூலியில்தான் என் பீஸ் கட்டினார். முதல் வருடம் வகுப்பில் அப்பா தொழிலைக் கேட்டபோது "பிசினஸ்" என்று சொன்னவன் நான்.

அப்பா தூணைத் தடவி, "சுண்ணாம்பை நல்லா அரைச்சிருக்கான்டா" என்றார். "இம்புட்டுப் பெரிய வளைவு எப்பிடி நிக்குது?" என்று கேட்டார். நோட்டில் படம் போட்டு விளக்கினேன். உற்றுப் பார்த்தவர், "அதான் நடுக்கல் வைக்கிற வரைக்கும் முட்டை எடுக்கக் கூடாதுங்குறோம்" என்றார். என் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது!

நண்பர்களே, மகாலுக்குப் போனால் பெற்றோரையும் அழைத்துப் போங்கள். இனி யார் கேட்டாலும் "கொத்தனார் மகன்" என்றே சொல்வேன்.