சாந்தும் கணக்கும்

நுழையும்முன்

கட்டி முடித்த வீட்டில் பூச்சைக் காண்கிறோம், வண்ணத்தைக் காண்கிறோம். செங்கற்களைப் பிணைத்து நிறுத்தும் சாந்து கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதன் அளவோ பக்குவமோ பிழைத்தால் சுவரின் உறுதி குலையும். கொத்தனாரின் கைத்திறனுக்குள் உறைந்திருக்கும் அக்கணக்கை இப்பாடம் விளக்குகிறது.

மரபுச் சாந்து

சிமெண்ட் பரவுவதற்கு முன் தமிழகக் கட்டடங்களைச் சுண்ணாம்புச் சாந்தே தாங்கியது. சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ நீற்றி, மணலுடன் சேர்த்து அரைத்தனர். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லக் கரைசலையும் அதனோடு கலந்தனர். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாக இறுகுவது சுண்ணாம்பின் இயல்பு. எனவே, அதற்குப் பொறுமை வேண்டும். சிமெண்டோ நீர் பட்டவுடன் வினைபுரியத் தொடங்குவது. எனவே, அதற்கு விரைவு வேண்டும்.

அளவிடும் முறை

10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 20 செ.மீ. தடிமன் கொண்ட சுவரின் கன அளவு 6 கனமீட்டர். 19 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் உடைய செங்கல் ஒரு கனமீட்டருக்கு 500 தேவை. ஆகவே, இச்சுவருக்கு 3000 செங்கற்கள் வேண்டும். அவற்றின் கன அளவைக் கழித்தால் எஞ்சும் இடைவெளி ஏறத்தாழ 1.38 கனமீட்டர். அதுவே சாந்து நிறையும் இடம்.

உலர்ந்த பொருள்கள் நீருடன் கலக்கும்போது கன அளவில் குறையும். ஆதலால், 30 விழுக்காடு கூட்டி 1.8 கனமீட்டர் எனக் கொள்வர். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் எனில், மொத்தம் ஏழு பங்கு. சிமெண்ட் 0.257 கனமீட்டர், மணல் 1.54 கனமீட்டர். 50 கிலோ மூட்டை ஒன்றின் கன அளவு ஏறத்தாழ 35 லிட்டர். ஆகவே, எட்டு மூட்டைகள் வாங்குதல் வேண்டும். சேதாரத்திற்குச் சிறிது கூட்டிக்கொள்வது வழக்கம்.

ஈர மணலின் மயக்கம்

ஈர மணல் உப்பி நிற்கும். கண்ணாடிக் குவளையில் 20 செ.மீ. உயரம் ஈர மணலை இட்டு, அது முழுதும் மூழ்க நீரூற்றிக் குலுக்குங்கள். மணல் 16 செ.மீ. அளவுக்குத் தாழ்ந்தால், அது 25 விழுக்காடு உப்பியிருந்தது எனப் பொருள். அப்போது ஆறு பெட்டிக்கு மாற்றாக ஏழரைப் பெட்டி மணல் இடவேண்டும். இல்லையேல் சிமெண்டின் பங்கு மிகும், செலவு கூடும், சாந்து சுருங்கி வெடிப்பும் தோன்றும்.

பக்குவம்

மணலைச் சலித்து, சிமெண்டுடன் ஒரே நிறம் வரும்வரை உலர்வாகப் புரட்டியபின் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். நீர் மிகுந்தால் வலிமை குன்றும். இறுகத் தொடங்கிய சாந்தில் மீண்டும் நீரூற்றி இளக்குவது பெரும்பிழை. இளகியது போலத் தோன்றினும் இழந்த பிணைப்பு மீளாது. செங்கல்லை முன்னரே நனைத்தால்தான் அது சாந்தின் நீரை உறிஞ்சாது. கட்டிய சுவரைக் குறைந்தது ஏழு நாள் நீர் தெளித்து ஈரமாக வைத்திருத்தல் வேண்டும்.

இப்பிழைகளைப் பூச்சு மறைத்துவிடும். ஆனால், வாழ்நாள் சேமிப்பைச் செலவிட்டு அவ்வீட்டில் குடியேறுவோர் ஒருநாள் அவற்றை விரிசலாகக் காண்பர். யாரும் காணாத இடத்திலும் அளவு தவறாமையே தொழிலின் அறம்.

கற்பவை கற்றபின்

1. 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 20 செ.மீ. தடிமன் கொண்ட சுவருக்குத் தேவையான செங்கல், சிமெண்ட், மணல் ஆகியவற்றைக் கணக்கிடுக.
2. கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு போன்ற கட்டடத் தொழிற்சொற்களை உங்கள் ஊர்க் கொத்தனார்களிடம் கேட்டுத் தொகுக்க.