‘செயல்பாட்டில் மாற்றமில்லை’ என்று ஒரு பேட்ச் வந்தால்

லினக்ஸ் கெர்னல் டிரைவர் ஒன்றுக்குச் சின்னதாய் ஒரு பேட்ச் வருகிறது. சேர்த்தது மூன்று வரி, நீக்கியது பதினொன்று. ‘நிரலைச் சுத்தம் செய்தேன், செயல்பாட்டில் மாற்றமில்லை’ என்று குறிப்பு. பரிசீலிக்க உட்காருபவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.

டேப், இடைவெளி, வரி நீளம் பற்றிய புகார்களைக் கெர்னலோடு வரும் செக்பேட்ச் ஸ்கிரிப்டிடம் விட்டுவிடலாம். பேட்ச்சைப் பொருத்தி, கூடுதல் எச்சரிக்கைகளோடு அந்த டிரைவரைக் கம்பைல் செய்தால், பயனற்றுப்போன மாறியையும் கோட்டோ லேபிளையும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, பேட்ச்சை ஓரம் வைத்துவிட்டு முழுக் கோப்பையும் திறக்க வேண்டும். மாறிய வரிகளையும் அவற்றின் மேலும் கீழும் மும்மூன்று வரிகளையும்தான் வழக்கமாகப் பேட்ச் காட்டும். வம்பு பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும்.

அடிக்கடி வரும் ஒரு மாற்றத்தைப் பார்ப்போம். ‘டெவ்எம்’ என்று தொடங்கும் செயற்கூறுகள் 2007இல் கெர்னலுக்கு வந்தன. இவற்றின் வழியே வாங்கிய நினைவகத்தையும் இன்டரப்ட்டையும் சாதனம் கழலும்போது கெர்னலே விடுவித்துவிடும். எனவே இன்டரப்ட் வாங்கும் வரியை டெவ்எம்முக்கு மாற்றி, சாதனம் கழலும்போது ஓடும் ரிமூவ் செயற்கூற்றில் அதை விடுவித்த வரியை நீக்கிவிடுகிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும்.

ஆனால் டெவ்எம் விடுவிப்பு நடப்பது ரிமூவ் முழுக்க முடிந்த பிறகு. முன்பு ரிமூவில் இன்டரப்ட் முதலில் போகும், பிறகு கிளாக் நிற்கும். இப்போது கிளாக் நின்றுவிட்டது, இன்டரப்ட் இன்னும் உயிரோடிருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஓர் இன்டரப்ட் வந்தால், அதைக் கையாளும் செயற்கூறு கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படிக்கப் போகும். சில ஏஆர்எம் சிப்புகளில் கணினியே உறைந்துவிடும். இன்டரப்ட் கம்பியை வேறொரு சாதனமும் பகிர்ந்திருந்தால், இந்தச் சாதனம் சும்மா இருந்தாலும் ஆபத்துதான். இத்தனைக்கும் கிளாக்கை நிறுத்தும் வரியில் பேட்ச் கையே வைக்கவில்லை.

இதைப் பிடிக்க ஒரு தாள் போதும். சாதனத்தை இயக்கத் தொடங்கும் புரோப் செயற்கூற்றில் வாங்கிய வரிசையை இடப்பக்கமும், விடுவிக்கும் வரிசையை வலப்பக்கமும் எழுத வேண்டும். இரண்டும் நேர் எதிராக வர வேண்டும். டெவ்எம் வழியே வாங்கியவை எல்லாவற்றையும் வலப்பக்கத்தில் கடைசியில், வாங்கியதற்குத் தலைகீழாக எழுத மறக்கக் கூடாது. கிளாக்கை வாங்கி இயக்கவும் 2022 முதல் டெவ்எம் செயற்கூறு இருக்கிறது. புரோபில் இன்டரப்ட்டுக்கு முன்பே அதைக் கூப்பிட்டால் சிக்கல் தீரும். பாதியில் நிற்கும் மாற்றத்தைவிடப் பழைய நிரலே மேல்.

எல்லாவற்றையும் சந்தேகிக்கவும் வேண்டாம். நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீக்கு முன் ‘முகவரி காலியா’ என்று பார்த்த சோதனையை நீக்கினால் தாராளமாக விடலாம். காலி முகவரி வந்தால் கேஃப்ரீ ஒன்றும் செய்யாது.

பிழை எண்களைத்தான் கறாராகப் பார்க்க வேண்டும். புரோப் –517ஐத் திருப்பினால் ‘தேவையான இன்னொரு டிரைவர் இன்னும் வரவில்லை, பிறகு கூப்பிடு’ என்று பொருள். சுத்தம் செய்கிறேன் என்று அங்கே வேறு எண்ணை வைத்தால் கெர்னல் திரும்பக் கூப்பிடாது. சாதனம் இயங்காமலே கிடக்கும்.

பதில் எழுதும்போது, நிஜ வன்பொருளில் ஓட்டிப் பார்த்தாரா, கம்பைல் மட்டும் செய்தாரா என்று அனுப்பியவரைக் கேட்டுவிட வேண்டும். பிழைத்திருத்தமும் சுத்தமும் ஒரே பேட்ச்சில் கலந்திருந்தால், திருத்தத்தை முதலாவதாகத் தனியே அனுப்பச் சொல்வது நல்லது. பழைய பதிப்புகளைப் பராமரிக்கும் ஸ்டேபிள் கிளைக்கு அது மட்டும் போனால் போதும்.