சிவ்ரியில் பூநாரை

சுனாபட்டியில் இரயில் ஏறினால் மூன்றாம் நிலையம் சிவ்ரி. அங்குள்ள சேற்றுநிலத்திற்குப் பனிக்காலத்தில் பூநாரைகள் வரும். மழை தொடங்குமுன் திரும்பும். பல, குசராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வருபவை. கடல்நீர் வடியும் வேளையே காண்பதற்கு ஏற்றது. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டி நுண்பாசியை உண்ணும். அப்பாசியின் நிறமியே இறகைச் சிவக்கச் செய்கிறது; குஞ்சுகள் சாம்பல் நிறத்தவை. தாணே கடற்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாயிற்று.

சென்ற மாசியில் குடும்பத்துடன் சென்றோம். “ரோஹித்!” என்று மராத்தியில் கூவினாள் மகள். வேதாரணியத்தில் வளர்ந்த என் தாயார், “இது பூநாரை அம்மா! கோடியக்கரையில் எத்தனை பார்த்திருக்கிறேன்!” என்றார்.

“அப்படியானால் இது உங்கள் ஊர்ப் பறவையா, எங்கள் ஊர்ப் பறவையா, பாட்டி?”

“அதனிடமே கேள்” என்று நகைத்தார் பாட்டி. நீர் ஏறும்வரை இருவரும் கரையை விட்டு அகலவில்லை.