ஊடகங்களில் குழந்தைப் பருவ உடற்பருமன்: சொல்லும் வினைமுதலும்

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகளின் உடற்பருமனைச் செய்தி, மருத்துவப் பத்தி, விளம்பரம், திரைப்படம், சமூக ஊடகம் ஆகியன ஒரே வகையில் உணர்த்துவதில்லை. ஒவ்வொன்றும் தேர்ந்துகொள்ளும் சொல்லும் தொடரமைப்பும், அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதை வாசகர்க்கு முன்கூட்டியே வரையறுத்துத் தருகின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உடற்பருமன், ஊடகமொழி, வினைமுதல், விளம்பரம், சத்து.

முன்னுரை

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 5 வயதுக்குட்பட்டோருள் மிகை எடையுடைய குழந்தைகள் 2015-16இல் 2.1 விழுக்காட்டினர், 2019-21இல் 3.4 விழுக்காட்டினர். அதே 2019-21 ஆய்வில் வயதுக்கேற்ற உயரம் பெறாத குழந்தைகள் 35.5 விழுக்காட்டினர். மிகையும் குறையும் ஒருங்கே நிலவும் இச்சூழலை ஊடகமொழி எவ்வாறு காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

சொற்றேர்வு

'பருமன்' என்பது மரத்துக்கும் தூணுக்கும் வழங்கும் அளவுச்சொல். புகழ்ச்சியோ இகழ்ச்சியோ ஏறாத சொல்லாதலின் செய்தியும் மருத்துவமும் அதனை ஏற்றன. 'கொழுகொழு' என்பது செழிப்பைக் குறிக்கும் கொழுமையோடு தொடர்புடையது. குழந்தை உணவு விளம்பரங்கள் காட்டும் முகம் இச்சொல்லுக்குரியது. 'குண்டு' எள்ளலுக்குரியது. 'குண்டு' கல்யாணம், 'ஓமக்குச்சி' நரசிம்மன் எனத் திரையுலகில் உடலளவு பெயருக்கே அடையாயிற்று. இரண்டு வயதில் 'கொழுகொழு' எனக் கொஞ்சப்படும் உடல், பத்து வயதில் 'குண்டு' என நகைக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மருத்துவர் கூறும் 'பருமன்' பெற்றோர் செவிக்குத் தாமதமாகவே எட்டுகிறது.

வினைமுதல்

'அதிகரிக்கும் உடற்பருமன்' என்னும் செய்தித் தலைப்பு வாய்பாட்டில் பருமனே தானாக வளர்கிறது. அதனை விளைவித்தவர் தொடரில் இல்லை. மருத்துவப் பத்திகள் 'தவிருங்கள்', 'பழக்குங்கள்' என ஏவல் வினைகளால் அமைவன. அவற்றின் முன்னிலை பெரும்பாலும் தாய். இதனால் விளையாட்டிடமின்மை, கடைவீதி, விளம்பரம் ஆகியன பின்தள்ளப்பட்டுப் பொறுப்பு சமையலறைக்குள் சுருங்குகிறது. விளம்பரத்திலோ 'சத்து' வினைமுதலாகிறது. குழந்தையை வளர்ப்பது பானமே.

இவ்வமைப்பை மாற்றியது சமூக ஊடகம். 2023 ஏப்ரலில், போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவைக் குறித்து வெளியான காணொளி பரவலாகப் பார்க்கப்பட்டது. நிறுவனத்தின் சட்ட அறிவிக்கைக்குப் பின் அது நீக்கப்பட்டது. எனினும், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கோரியது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்பதற்கு வரையறை இல்லாமையால், அப்பிரிவிலிருந்து இத்தகைய பானங்களை நீக்குமாறு இணைய வணிகத் தளங்களை மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. உற்பத்தியாளர் எழுவாயானதும் விவாதம் சட்டத்தின் சொல்லாட்சி வரை சென்றமை இங்குக் கருதத்தக்கது.

இடமும் பருமனும்

ஊரகத்தைப் பசிக்கும் நகரத்தைப் பருமனுக்கும் உரியதாக்கும் வழக்கு செய்திகளில் வேரூன்றியுள்ளது. அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையும் வேளாண்மையும் அருகருகே உள்ள ஊர். இத்தகைய ஊர்களின் பெட்டிக்கடைகளிலும் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட் தின்பண்டங்கள் தொங்குகின்றன. 'நகரத்து நோய்' என்னும் தொடர் இவ்வூர்ப் பெற்றோரை வாசகராகவே கருதுவதில்லை.

இதற்கு எதிர்நிலைப் பிழையும் நேரக்கூடும். 5 முதல் 19 வயதினருள் பருமனுடையோர் (9.4 விழுக்காடு) எடை குறைந்தோரை (9.2 விழுக்காடு) உலக அளவில் முதன்முறையாக விஞ்சினர் என யுனிசெஃப் 2025இல் அறிவித்தது. தெற்காசியாவும் சகாரா தெற்கு ஆப்பிரிக்காவும் இதற்கு விலக்கு என்றும் அவ்வறிக்கை குறித்தது. தமிழில் தரும்போது இவ்விலக்கை விட்டுவிடின், காலை உணவுத் திட்டம் போன்றவற்றின் தேவையே ஐயத்துக்குள்ளாகும்.

முடிவுரை

1. 'கொழுகொழு', 'குண்டு', 'பருமன்' ஆகியன ஓருடலுக்கு முறையே புகழ், எள்ளல், நோய் என்னும் மூன்று மதிப்புகளைத் தருகின்றன.

2. வினைமுதல் மறைந்த தொடர்களும் தாயை நோக்கிய ஏவல்களும் சந்தையின் பங்கை மறைக்கின்றன.

3. குறையையும் மிகையையும் ஒரே செய்தியில் இணைத்துரைப்பதும், எள்ளற்சொற்களை விலக்குவதும் தமிழ் இதழியல் மொழிநடைக் கையேடுகளில் இடம்பெற வேண்டும். சொல்லின் சுமையைத் தாங்குவது குழந்தையாதலின் இது மொழித்துறையினர்க்கும் உரிய கடமையாகும்.