கேன்வாஸ் பையும் கம்பெனி முத்திரையும் – ஓர் ஆய்வு

(மூன்றாமாண்டு ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு மாணவி, அய்யம்பாளையம்)



2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்கு மறுபடியும் மரியாதை வந்துவிட்டது. ஆனால் நம் விடுதியைப் பாருங்கள். மஞ்சப்பையைத் தூக்க வெட்கப்படுகிறவர்களும், வெளிநாட்டுக் கம்பெனி பெயர் போட்ட கேன்வாஸ் பையைப் பெருமையாகத் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். "ஒரிஜினலா?" என்று கேட்டால், "இல்லடி, பர்ஸ்ட் காப்பி" என்று பதில் வருகிறது. இந்தக் காப்பிப் பைகளில் கொடுக்கிற விலைக்கு ஏற்ற தரம் இருக்கிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்திரை வந்த கதை

பாரிஸ் நகரில் பயணப் பெட்டிகள் செய்து பெயர் பெற்றவர் லூயி விட்டான். அவருடைய பெட்டிகளைப் பார்த்துப் பலர் அதேபோல் செய்து விற்றார்கள். அதைத் தடுக்க 1888-ல் கட்டம் போட்ட துணி வந்தது. அதையும் காப்பி அடித்தார்கள். அவர் மறைந்த பின், மகன் ஜார்ஜ் விட்டான் 1896-ல் தந்தையின் பெயர் எழுத்துகளையும் பூ வடிவங்களையும் சேர்த்து ஒரு முத்திரைத் துணியை உருவாக்கினார். போலியைத் தடுக்க வந்த அந்த முத்திரைதான் இன்று உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் முத்திரைகளில் ஒன்று! பலரும் அதைத் தோல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பருத்திக் கேன்வாஸின் மேல் பி.வி.சி. பூசிய துணி.

இன்னொரு வகைப் பை உழைப்பிலிருந்து வந்தது. அமெரிக்காவின் எல்.எல்.பீன் கம்பெனி 1944-ல் ஐஸ் கட்டி தூக்குவதற்காக ஒரு முரட்டுக் கேன்வாஸ் பை தைத்தது. இன்று ‘டோட் பேக்’ என்று நாம் தோளில் போடுகிற பைகளுக்கு அதுவும் ஒரு மூதாதை.

துணியின் கணக்கு

கேன்வாஸின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்கிறோம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. வெளிநாட்டில் சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். 1 அவுன்ஸ் என்பது சுமார் 34 ஜி.எஸ்.எம். ஆகவே 12 அவுன்ஸ் கேன்வாஸ் சுமார் 407 ஜி.எஸ்.எம். ஆகும். மேற்சொன்ன ஐஸ் பை வகைக்குப் போடும் 24 அவுன்ஸ் துணி இதைப்போல் இரு மடங்கு.

ஒரு பைக்கு அரை சதுர மீட்டர் துணி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 400 ஜி.எஸ்.எம். துணியானால் 200 கிராம் இருக்கும். 250 ஜி.எஸ்.எம். ஆனால் 125 கிராம்தான். மளிகைக் கடைத் தராசே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் தராசையும் ஏமாற்ற வழி உண்டு. அதுதான் கஞ்சி. மெல்லிய துணிக்கு அதிகமாகக் கஞ்சி ஏற்றினால் விறைப்பாக, கனமாகத் தெரியும். ஒரு சலவைக்குப் பிறகு துவண்டுவிடும். துணியை இரு கைகளாலும் கசக்கிப் பாருங்கள். மாவு போல உதிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

கடையிலேயே பார்க்கக்கூடியவை

1. தையல்: கனத்த கேன்வாஸுக்கு அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் பொருத்தம். குறைந்தால் வாய் பிளக்கும். மிகவும் நெருங்கினால் தபால் தலைத் தாள் போல ஊசித் துளை வழியே துணி கிழியும்.

2. காது: பையின் உயிர் அதன் காதில்தான். காது சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் இருக்க வேண்டும். ஒற்றைத் தையல் போதாது.

3. ஜிப்: இருபது முறை இழுத்து மூடுங்கள். மூலையில் திக்கினால் வீட்டிலும் திக்கும்.

4. சாயம்: ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் உங்கள் சுடிதாரிலும் ஒட்டும்.

5. நூல்: பிசிறு நூல் ஒன்றைக் கொளுத்தினால் பருத்தி, காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி முத்துப் போல் இறுகும். (இதைக் கடையில் செய்யாதீர்கள், வீட்டில் செய்யுங்கள்!)

மூன்று பைகள், ஒரு சோதனை

விடுமுறையில் மூன்று பைகளை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சோதித்தேன். முதலாவது, அறைத்தோழி கொடுத்த 1,400 ரூபாய் ‘பர்ஸ்ட் காப்பி’. இரண்டாவது, கொடைக்கானல் சுற்றுலா போன தம்பி சாலையோரத்தில் வாங்கிய 350 ரூபாய் பை. அதே கம்பெனிப் பெயர்தான். மூன்றாவது, என் சித்தி தைத்த பெயரில்லாத பை, விலை 280 ரூபாய்.

அய்யம்பாளையத்தில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. மட்டை உரித்த காய்களை நிறுத்துப் போட்டு, உத்திரத்தில் தொங்கவிட்டேன். 350 ரூபாய்ப் பை 7 கிலோவில் ஒரு காதை இழந்தது. மற்ற இரண்டும் 12 கிலோவை ஓர் இரவு முழுவதும் தாங்கின. காப்பிப் பையின் ஜிப் வெண்ணெயாய் ஓடியது, லைனிங்கும் அழகு. ஆனால் தோழியின் சம்மதத்தோடு துவைத்தபோது கஞ்சி கரைந்து துவண்டது, சாயமும் போனது. சித்தியின் பையில் துணியும் தையலும் உறுதி. குறையும் இருந்தது: ஜிப் திக்கியது, உள் ஓரங்களுக்கு ஓவர்லாக் அடிக்காததால் பிசிறு வந்தது.

மூன்றே பைகளை வைத்து ஊரிலுள்ள எல்லாப் பைகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் ஒன்று கேட்கலாம். 1,400-க்கும் 280-க்கும் இடையே 1,120 ரூபாய். நல்ல ஜிப், லைனிங் என்று எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் மிச்சத் தொகை எதற்கு? பெயருக்கு. அதுவும் அந்தக் கம்பெனி கொடுக்காத பெயருக்கு! ‘பர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’ என்பதெல்லாம் எந்த அரசும் எந்த ஆய்வுக்கூடமும் தந்த தரச்சான்று அல்ல. விற்பவர் வாயில் வந்த சொல். பை கிழிந்தால் எந்தக் கம்பெனியிடம் போய்க் கேட்பது?

சித்தியின் கேள்வி

இந்தச் சோதனையைச் செய்ததற்குக் காரணம் உண்டு. ஒரு வியாபாரி சித்தியிடம் வந்து 100 பைகளுக்கு ஆர்டர் பேசினார். கம்பெனிப் பெயர் போட்ட லேபிளை அவரே தருவாராம். அதைத் தைத்துக் கொடுத்தால் பைக்கு 40 ரூபாய் கூடுதல். மொத்தம் 4,000 ரூபாய். மஞ்சப்பை தைத்துப் பிழைக்கும் வீட்டுக்கு அது சின்னப் பணம் அல்ல.

"நீ படிக்கிற புள்ள, சொல்லு ஆத்தா. துணி நல்ல துணி, தையல் என் தையல். பேரு மட்டும் அவுங்க பேரு. இதுல என்ன தப்பு?" என்றார் சித்தி.

1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். பிறருடைய முத்திரையைப் பொய்யாகப் பொருளில் பதிப்பது 103-ஆவது பிரிவின்படி குற்றம். அப்படிப்பட்ட பொருளை விற்பது 104-ஆவது பிரிவின்படி குற்றம். இரண்டுக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிள் கொடுத்தவர் போய்விடுவார். தையல் மெஷின் நம் வீட்டில் இருக்கும்.

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் பை நல்லா இருந்தா அந்தப் பேரு அவுங்களுக்குப் போயிரும். கிழிஞ்சா கேஸு எனக்கு வரும். அப்படித்தானே?" என்று கேட்டார். நான் ஒரு செமஸ்டர் படித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். லேபிள் இல்லாமல் தைத்துத் தருவதாக வியாபாரிக்குச் சொல்லி அனுப்பினார். அவர் திரும்பி வரவில்லை. 4,000 ரூபாய் போனது போனதுதான்.

முடிவுரை

நண்பர்களே! பை வாங்கும்போது முதலில் முத்திரையைப் பார்க்காமல் காதைப் பாருங்கள், தையலை எண்ணுங்கள், துணியைக் கசக்குங்கள். நாளை நம்மில் பலர் தொழில் தொடங்குவோம். ஜிப்பையும் ஓவர்லாக்கையும் சரிசெய்ய என்ன செலவாகும் என்று இப்போது சித்தியோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். பைக்கு 35 ரூபாய் கூடும் போலிருக்கிறது. அதற்குப் பிறகும் 320 ரூபாய்க்குள் விற்கலாம். உள்ளே தைக்க ஒரு சின்ன லேபிளும் தயார். அதில் இருப்பது சித்தியின் பெயர்.